கெஸ்ட் டூல்ஸ் போட்டாச்சு, ஆனால் விஎம் பதில் சொல்லவில்லை: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

பெங்களூரில் மே மாத மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் கொட்டும். அப்படி ஒரு சனிக்கிழமை, மழையோடு கரண்டும் போனது. ஒயிட்ஃபீல்டில் நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய அலுவலகத்தின் சர்வர் அறையில் யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும். பத்து நிமிடம் ஆனதும் ஹோஸ்ட் (விஎம்களை ஓட்டும் உண்மையான கம்ப்யூட்டர்) எல்லா விஎம்களையும் (அதற்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்கள்) வரிசையாக அணைத்துவிட்டுத் தானும் அணைய வேண்டும் என்று அமைத்திருந்தோம். ஒன்பது விஎம்மில் எட்டு ஒழுங்காக அணைந்தன. கணக்கு வழக்கெல்லாம் இருக்கும் விண்டோஸ் சர்வர் மட்டும் அசையவில்லை. கெடு முடிந்ததும் ஹோஸ்ட் அதை வலுக்கட்டாயமாக நிறுத்தியது. ஓடுகிற கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியதற்குச் சமம் அது. திங்கட்கிழமை காலை டேட்டாபேஸ் திறக்கவில்லை. பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்க மாலை ஆகிவிட்டது.

அந்த விஎம்மைப் பற்றி எங்கள் குறிப்பேட்டில் "கெஸ்ட் ஏஜென்ட் நிறுவப்பட்டது" என்று எழுதியிருந்தது. கெஸ்ட் என்பது விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்; ஏஜென்ட் என்பது அதற்குள் இருந்துகொண்டு ஹோஸ்ட் சொல்வதைக் கேட்டுச் செய்யும் சிறு நிரல். நிறுவியது உண்மைதான். ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் "போட்டாச்சு" என்ற சொல்லை ஏற்றுக்கொள்வதில்லை. ஹோஸ்டிலிருந்து கேட்டால் கெஸ்ட் பதில் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் ப்ராக்ஸ்மாக்ஸ், அதாவது கேவிஎம் (லினக்ஸ் கர்னலிலேயே இருக்கும், விஎம் ஓட்டும் வசதி) வகை ஹோஸ்ட்டை வைத்து. விஎம் ஓட்டும் வேறு மென்பொருள்களான விஎம்வேரும் விர்ச்சுவல்பாக்ஸும் இடையில் வரும். கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம்: எங்கே அறுந்திருக்கிறது?

கெஸ்ட் டூல்ஸ் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று துண்டுகள் இருக்கின்றன. ஒன்று, ஹோஸ்ட் பக்கம் இருக்கும் அமைப்பு. விஎம்முக்கு ஒரு மெய்நிகர் சீரியல் போர்ட்டை மாட்டிவிடுவது இதுதான். இரண்டு, கெஸ்ட்டுக்குள் அந்த போர்ட்டை அடையாளம் கண்டுகொள்ளும் டிரைவர். மூன்று, அந்த போர்ட்டில் காது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சர்வீஸ். மூன்றில் எது அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: பதில் இல்லை. அதனால்தான் பலரும் மூன்றாவது துண்டை மட்டும் திரும்பத் திரும்ப நீக்கி, திரும்பத் திரும்ப நிறுவி ஒரு நாளை வீணாக்குகிறார்கள். மறுபடி நிறுவுவதைக் கடைசிக்கு வையுங்கள்.

பரிசோதனை ஒரு வரிதான். ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டின் ஷெல்லில் "கியூஎம் ஏஜென்ட்", பிறகு விஎம் எண், பிறகு "பிங்". ஒன்றுமே அச்சிடாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டால் எல்லாம் சரி. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அந்த மௌனம் சந்தேகமாக இருக்கும். ஆனால் இங்கே மௌனம்தான் வெற்றி. பிழை வந்தால்தான் தொடர்ந்து படிக்க வேண்டும்.

அறிகுறி: சம்மரி பக்கத்தில் ஐபி முகவரி வரவில்லை

அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். "நோ கெஸ்ட் ஏஜென்ட் கான்ஃபிகர்ட்" என்பது ஒன்று, "கெஸ்ட் ஏஜென்ட் நாட் ரன்னிங்" என்பது வேறு. முதலாவது வந்தால் ஹோஸ்ட் பக்கத்திலேயே ஏஜென்ட் இயக்கப்படவில்லை. விஎம்மின் ஆப்ஷன்ஸ் பகுதியில் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற வரியைத் திறந்து டிக் போட வேண்டும். இரண்டாவது வந்தால் ஹோஸ்ட் தயார், கெஸ்ட்தான் பேசவில்லை.

டிக் போட்ட பிறகு நடப்பதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தர்மபுரிப் பையன் ஒருநாள் வந்து, "அக்கா, டிக் போட்டேன், ஏஜென்ட்டும் போட்டேன், மூணு தடவை ரீபூட்டும் பண்ணிட்டேன், வரவே மாட்டேங்குது" என்றான். மூன்று தடவையும் விஎம்முக்குள் போய் ரீபூட் கட்டளை கொடுத்திருக்கிறான். உள்ளிருந்து ரீபூட் செய்தால் ஹோஸ்டைப் பொறுத்தவரை அந்த விஎம் அணையவே இல்லை. ஹோஸ்டில் அந்த விஎம்மை ஓட்டும் பழைய கியூஎமு செயல்முறை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். புதிய சீரியல் போர்ட் அதில் எப்படி வரும்? விஎம் முழுசாக அணைந்து, ஹோஸ்டிலிருந்து மறுபடி தொடங்கப்பட வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் இருக்கும் ரீபூட் பொத்தானை அழுத்தினாலும் சரி, அது அணைத்துத் தொடங்கும் வேலையைத்தான் செய்கிறது. ஆப்ஷன்ஸ் பக்கத்தில் அந்த வரி நிறம் மாறி, பழைய மதிப்பும் புதிய மதிப்பும் சேர்ந்து தெரிந்தால் மாற்றம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று பொருள்.

லினக்ஸ் கெஸ்ட்டாக இருந்தால் போர்ட் வந்துவிட்டதா என்று உள்ளிருந்தே பார்க்கலாம். "டெவ்" அடைவுக்குள் "விர்ட்டியோ-போர்ட்ஸ்" என்று ஓர் அடைவு இருக்க வேண்டும். அதற்குள் "ஆர்க் டாட் கியூஎமு டாட் கெஸ்ட் அண்டர்ஸ்கோர் ஏஜென்ட் டாட் 0" என்ற பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் தவறு ஹோஸ்ட் பக்கம்தான். உள்ளே எதைச் செய்தாலும் பயனில்லை.

டெபியன், உபுண்டுவில் இதையே, சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி வேறு மொழியில் சொல்லும். போர்ட் இல்லாமல் ஏஜென்ட்டைத் தொடங்கினால் ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கும். அப்புறம் "டிபென்டன்சி ஜாப் ஃபெயில்ட்" என்று சொல்லும். பலர் இதைப் பார்த்ததும் ஏதோ பேக்கேஜ் குறைகிறது என்று நினைத்து ஆப்ட் பக்கம் போகிறார்கள். பேக்கேஜ் எதுவும் குறையவில்லை. சர்வீஸ் எதிர்பார்க்கும் அந்தச் சாதனம் வரவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: டெபியனில் இந்த சர்வீஸை "எனேபிள்" செய்யப்போனால், நிறுவல் அமைப்பு எதுவும் இல்லை என்று நீளமாக ஒரு செய்தி வரும். அது பிழை இல்லை. போர்ட் தென்பட்டதும் சர்வீஸ் தானாகவே எழுந்துகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு யூனிட் கோப்பைத் திருத்தப் போகாதீர்கள். நான் பார்த்த ஒரு சர்வரில் அப்படித் திருத்தி, அடுத்த அப்டேட்டில் அது இன்னொரு சிக்கலாக வளர்ந்திருந்தது.

ரெட்ஹாட் வகையில் பிங் வேலை செய்யும், ஆனால் ஹோஸ்டிலிருந்து உள்ளே ஒரு கட்டளையை ஓட்டச் சொன்னால் "டிஸேபிள்ட்" என்று மறுக்கும். அங்கே கெஸ்ட்-எக்ஸெக் போன்ற செயல்களைப் பாதுகாப்புக்காக இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறார்கள். "ஈடிசி" அடைவில் "சிஸ்கான்ஃபிக்" கீழே "கியூஎமு-ஜிஏ" என்ற கோப்பில் அந்தப் பட்டியல் இருக்கிறது. உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் திறங்கள். ஹோஸ்டில் நுழைந்தவர் யாரானாலும் கெஸ்ட்டுக்குள் எதையும் ஓட்டலாம் என்ற அனுமதி அது.

அறிகுறி: விண்டோஸில் ஏஜென்ட் சர்வீஸ் தொடங்கிய உடனே நின்றுவிடுகிறது

எங்கள் சனிக்கிழமைச் சம்பவத்தின் மூலகாரணம் இதுதான். விர்ட்டியோ-வின் ஐஎஸ்ஓவுக்குள் (கேவிஎம்மின் மெய்நிகர் சாதனங்களுக்கான விண்டோஸ் டிரைவர்கள் அடங்கிய வட்டுக்கோப்பு) "கெஸ்ட்-ஏஜென்ட்" என்று ஓர் அடைவு இருக்கிறது, அதில் ஏஜென்ட்டின் எம்எஸ்ஐ கோப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை மட்டும் நிறுவிவிடுகிறோம். நிறுவல் வெற்றி என்று சொல்லும், சர்வீஸ் பட்டியலிலும் பெயர் வரும். ஆனால் அது பேச வேண்டிய சீரியல் போர்ட்டுக்கு டிரைவர் இல்லை. மேலே சொன்ன மூன்று துண்டுகளில் இரண்டாவது இல்லை.

டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். "பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்" என்ற பெயரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒன்று நின்றால் அதுதான் அநாதையாக நிற்கும் அந்த போர்ட். அதே ஐஎஸ்ஓவில் "விஐஓசீரியல்" அடைவிலிருக்கும் டிரைவரைக் கொடுங்கள். பெயர் மாறி முக்கோணம் மறைந்துவிடும். பிறகு சர்வீஸைத் தொடங்கினால் நிலைத்து நிற்கும்.

இப்படி ஒவ்வொன்றாகப் போடுவதைவிட ஐஎஸ்ஓவின் வெளியடைவிலேயே இருக்கும் "விர்ட்டியோ-வின்-கெஸ்ட்-டூல்ஸ்" என்ற நிறுவியை ஓட்டுவது மேல். டிஸ்க், நெட்வொர்க், பலூன், சீரியல் டிரைவர்கள், ஏஜென்ட் எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும். புதிய ஆட்களுக்கு நான் எம்எஸ்ஐ அடைவைக் காட்டுவதே இல்லை.

அறிகுறி: ஷட்டவுன் கொடுத்தால் "டைம்அவுட்" என்று முடிகிறது

ஏஜென்ட்டே இல்லாத விஎம் ஒழுங்காக அணைகிறது, ஏஜென்ட்டுக்கு டிக் போட்ட விஎம் அணையவில்லை. இதைக் கேட்டால் தலைகீழாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. டிக் இல்லாதபோது ப்ராக்ஸ்மாக்ஸ் ஏசிபிஐ வழியாக பவர் பொத்தானை அழுத்துவது போல ஒரு சமிக்ஞை அனுப்பும். பெரும்பாலான இயங்குதளங்கள் அதைக் கேட்டு அணைந்துவிடும். டிக் இருந்தால் அந்தப் பொறுப்பை ஏஜென்ட்டிடம் ஒப்படைத்துவிடும். ஏஜென்ட் உள்ளே ஓடவில்லையென்றால் சொன்னதைக் கேட்க ஆளில்லை.

ஆகவே டிக் மட்டும் போட்டுவிட்டு "உள்ளே அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது, ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிட ஆபத்து. உள்ளே நிறுவ இப்போது வழியில்லை என்றால் டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு விஎம்மையும் ஒப்படைப்பதற்கு முன் ஹோஸ்டிலிருந்து ஒருமுறை ஷட்டவுன் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நொடியில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் கெடுவைத் தீர்மானிக்க அந்த எண்தான் வேண்டும். எங்களுடைய விண்டோஸ் சர்வர், அப்டேட் காத்திருக்கும் நாளில், அணைய நான்கு நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்பது அளந்த பிறகுதான் தெரிந்தது.

அறிகுறி: விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை, அல்லது டிஸ்க் வகையை மாற்றியதும் நீலத்திரை

நிறுவல் திரையில் டிரைவ் பட்டியல் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸின் நிறுவல் வட்டில் விர்ட்டியோ டிரைவர் கிடையாது. விஎம்முக்கு இரண்டாவது சிடி டிரைவ் ஒன்று சேர்த்து அதில் விர்ட்டியோ-வின் ஐஎஸ்ஓவை மாட்டி, "லோட் டிரைவர்" கொடுத்து வழிகாட்டுங்கள். கன்ட்ரோலர் விர்ட்டியோ ஸ்கஸி என்றால் "விஐஓஸ்கஸி" அடைவு. விர்ட்டியோ பிளாக் என்றால் "விஐஓஸ்டார்" அடைவு. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு ஐஎஸ்ஓ கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குள்ளே விண்டோஸ் பதிப்பு வாரியாக அடைவு, அதற்குள் "ஏஎம்டி64". சர்வர் 2022 என்றால் "2கே22". அதே திரையில் "நெட்கேவிஎம்" டிரைவரையும் ஏற்றிவிட்டால் நிறுவல் முடியும்போதே நெட்வொர்க்கும் இருக்கும்.

ஏற்கெனவே ஐடிஇ அல்லது சாட்டாவில் ஓடும் விண்டோஸை விர்ட்டியோவுக்கு நேரடியாக மாற்றினால் "இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்ற நீலத்திரை வரும். டிரைவர் டிஸ்க்கில் நிறுவப்பட்டிருந்தாலும்கூட வரும். ஏனென்றால் பூட் ஆகும் அந்தத் தொடக்கக் கணத்திலேயே தேவைப்படும் டிரைவராக அதை விண்டோஸ் இன்னும் பதிவுசெய்யவில்லை. கைவைத்தியம் ஒன்று உண்டு. பூட் டிஸ்க்கைப் பழைய வகையிலேயே விட்டுவிட்டு, 1 ஜிபி அளவில் ஒரு வெற்று டிஸ்க்கை விர்ட்டியோ ஸ்கஸியாகச் சேருங்கள். விண்டோஸைத் தொடங்கி, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கன்ட்ரோலருக்கு டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அணையுங்கள். வெற்று டிஸ்க்கை எடுத்துவிட்டு, பூட் டிஸ்க்கைக் கழற்றி ஸ்கஸியாக மாட்டுங்கள். இப்போது நிம்மதியாக எழும். எழாமல் நெட்வொர்க் பூட் திரைக்குப் போனால் ஆப்ஷன்ஸில் பூட் வரிசையைப் பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றி மாட்டியதும் அது வரிசையிலிருந்து விழுந்திருக்கும். கடைசியில் சிக்க வைப்பது எப்போதும் இதுதான்.

அறிகுறி: விஎம்வேரிலிருந்து கொண்டுவந்த விஎம்மில் பழைய டூல்ஸை நீக்க முடியவில்லை

2024 ஏப்ரலில் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2இல் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டிலிருந்து நேரடியாக விஎம்மை இழுக்கும் வசதி சேர்ந்தது. இழுப்பது எளிதாகிவிட்டதால் அதற்கு முன் செய்ய வேண்டியதை மறந்துவிடுகிறோம். விஎம்வேர் டூல்ஸை அங்கே இருக்கும்போதே நீக்க வேண்டும். இங்கே வந்த பிறகு அதன் நிறுவி, தான் விஎம்வேர் விஎம்முக்குள் இல்லை என்று கண்டுகொண்டு நீக்கவும் மறுத்துவிடும். பழைய ஹோஸ்ட் இன்னும் உயிரோடு இருந்தால் திரும்பிப் போய் அங்கே நீக்கிவிட்டு மறுபடி கொண்டுவருவதே சுத்தமான வழி. ரெஜிஸ்ட்ரியைக் கையால் நோண்டும் வழிகள் இருக்கின்றன. வேறு கதியே இல்லாதபோது, ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு மட்டும் அதைத் தொடுவேன்.

கூடவே நிலையான ஐபி முகவரியைத் தாளில் எழுதி வையுங்கள். புதிய நெட்வொர்க் கார்டுக்கு அதே ஐபியைக் கொடுக்கும்போது, "இந்த முகவரி வேறொரு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று விண்டோஸ் சொல்லும். அந்த வேறொரு அடாப்டர் கண்ணில் படாது. கழன்றுபோன பழைய கார்டின் ஆவி அது. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" கொடுத்தால் மங்கலாகத் தெரியும். நீக்கிவிடுங்கள். விஎம்வேருக்குள்ளேயே இ1000 கார்டை விஎம்எக்ஸ்நெட்3க்கு மாற்றும்போதும் இதே செய்திதான் வரும், வைத்தியமும் இதேதான்.

லினக்ஸ் விஎம் என்றால் சிக்கல் வேறு முகத்தோடு வரும். விஎம்வேரில் பெரும்பாலும் "இஎன்எஸ்192" என்றிருந்த இடைமுகம் இங்கே "இஎன்எஸ்18" ஆகிவிடும். நெட்பிளான் கோப்பில் பழைய பெயரே இருக்கும், நெட்வொர்க் வராது. ஏஜென்ட் ஓடினாலும் காட்டுவதற்கு ஐபி இல்லாததால் ஏஜென்ட்டைச் சந்தேகிப்போம். கன்சோலில் நுழைந்து பெயரைத் திருத்தினால் போதும். ரெட்ஹாட் வகையில் இன்னொரு படி மேலே: பூட்டே ஆகாமல் அவசர ஷெல்லில் விழலாம். டிராகட் என்ற கருவி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும்போது அந்த நேரத்து வன்பொருளுக்கான டிரைவரை மட்டும் உள்ளே வைக்கிறது; விர்ட்டியோ அங்கே இருந்ததில்லை. பூட் மெனுவில் "ரெஸ்க்யூ" என்ற பதிவைத் தேர்ந்தெடுங்கள். அதில் எல்லா டிரைவரும் இருக்கும். உள்ளே போய் டிராகட்டை மறுபடி ஓட்டினால் அடுத்த பூட்டில் சரியாகிவிடும்.

அறிகுறி: விஎம்வேரில் "கெஸ்ட் மேனேஜ்ட்" என்று காட்டுகிறது

இது பழுதே இல்லை. லினக்ஸ் விஎம்மில் ஓபன்-விஎம்-டூல்ஸ் ஓடுகிறது, அதன் பதிப்பை இயங்குதளமே பார்த்துக்கொள்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. இதைச் சரிசெய்வதாக நினைத்து ஐஎஸ்ஓவை மாட்டி, பழைய பெர்ல் நிறுவியை ஓட்டாதீர்கள். இப்போதைய லினக்ஸ் கெஸ்ட்களுக்கு விஎம்வேரே பரிந்துரைப்பது ஓபன்-விஎம்-டூல்ஸைத்தான். பழைய நிறுவியால் போட்டது ஏற்கெனவே இருந்தால் "விஎம்வேர்-அன்இன்ஸ்டால்-டூல்ஸ்" கோப்பை ஓட்டி முதலில் அதை நீக்கிவிட்டுப் பேக்கேஜைப் போடுங்கள்.

விண்டோஸில் விஎம்வேர் டூல்ஸை நீக்கினால் நெட்வொர்க் போய்விடும், ஏனென்றால் விஎம்எக்ஸ்நெட்3 டிரைவர் அதோடுதான் வருகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. கன்சோலிலிருந்து செய்யுங்கள். வேலை முடிந்ததும் டூல்ஸ் ஐஎஸ்ஓவைக் கழற்றிவிடுங்கள். அது மாட்டியபடியே இருந்தால், ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் விமோஷன் மறுக்கும்.

அறிகுறி: பேக்கப் தொடங்கியதும் விஎம் உறைந்துவிடுகிறது

இதை நிதானமாகப் படியுங்கள். ஏஜென்ட் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சிக்கலே பிறக்கிறது. அதனால் "ஏஜென்ட் போட்டதுதான் தப்பு" என்று ஆட்கள் அதைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

பேக்கப் தொடங்கும்போது ஹோஸ்ட் ஏஜென்ட்டிடம், "ஃபைல்சிஸ்டத்தில் எழுதுவதைச் சற்று நிறுத்து" என்று சொல்கிறது. பேக்கப் பதிவில் "எஃப்எஸ்-ஃப்ரீஸ்" என்று ஒரு வரி வருவது இதுதான். ஏஜென்ட் மெமரியில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் இறக்கிவிட்டு எழுத்தை நிறுத்தும். ஹோஸ்ட் அந்தக் கணத்தின் நிலையைப் பிடித்துக்கொண்டு "எஃப்எஸ்-தா" (உறைந்ததை உருகவிடு என்று பொருள்) கொடுத்து விடுவிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஓரிரு நொடிக்கு மேல் ஆகாது. பயன்படுத்துபவர்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த உறைதல் இல்லாமல் எடுத்த பேக்கப், ஓடும்போது கரண்ட் போன டிஸ்க்குக்குச் சமம். பெரும்பாலும் மீளும், எப்போதும் மீளும் என்று சொல்ல முடியாது.

முதல் வரி வந்து இரண்டாவது வரி வராமல் நின்றால், அல்லது இரண்டாவது வந்தும் விஎம் எழவில்லையென்றால், உள்ளே உறைதல் விடுபடவில்லை. எஸ்எஸ்ஹெச்சில் நுழையப் பார்த்தால் அதுவும் பாதியில் நிற்கும், ஏனென்றால் நுழைந்ததைப் பதிவுக்கோப்பில் எழுதக்கூட முடியாது. உடனே ஸ்டாப் கொடுக்காதீர்கள். ஹோஸ்டில் "கியூஎம் கெஸ்ட் சிஎம்டி", விஎம் எண், "எஃப்எஸ்ஃப்ரீஸ்-ஸ்டேட்டஸ்" என்று கேளுங்கள். "ஃப்ரோஸன்" என்று பதில் வந்தால், அதே கட்டளையில் கடைசிச் சொல்லை "எஃப்எஸ்ஃப்ரீஸ்-தா" என்று மாற்றிக் கொடுங்கள். பல தடவை விஎம் அந்த நொடியே மூச்சுவிட்டு எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். லினக்ஸில் நான் முதலில் பார்ப்பது லூப் மவுண்ட். ஒரு கோப்பையே டிஸ்க்காக மாட்டியிருப்பார்கள். சில வெப் ஹோஸ்டிங் பேனல்கள் டெம்ப் அடைவுக்கு இப்படித்தான் செய்கின்றன. அந்தக் கோப்பு இருக்கும் ஃபைல்சிஸ்டம் முதலில் உறைந்துவிட்டால், லூப் டிஸ்க்கை உறையவைக்க வேண்டிய எழுத்து போய்ச்சேர இடமில்லாமல் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ரெட்ஹாட் வகையில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு ஏஜென்ட்டின் கையைக் கட்டிவைத்திருக்கலாம். தணிக்கைப் பதிவில் "கியூஎமு-ஜிஏ" பெயரைத் தேடினால் தெரிந்துவிடும்.

விண்டோஸில் உறைதல் விஎஸ்எஸ் (விண்டோஸின் ஷாடோ காப்பி சேவை) வழியாக நடக்கிறது. நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து "விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்" கொடுங்கள். எல்லா ரைட்டரும் (விஎஸ்எஸ்ஸோடு ஒத்துழைக்கும் மென்பொருள் பகுதிகள்) "ஸ்டேபிள்" நிலையில், "நோ எரர்" என்று இருக்க வேண்டும். ஒன்று தோற்றுக் கிடந்தால் அதற்குரிய சர்வீஸை மறுதொடக்கம் செய்த பிறகு பேக்கப்பை முயலுங்கள். ஒரே விஎம்மில் இன்னொரு பேக்கப் மென்பொருளும் அதே நேரத்தில் ஓடினால் இரண்டும் விஎஸ்எஸ்ஸுக்காக மோதும். நேரத்தைத் தள்ளி வையுங்கள்.

காரணம் பிடிபடும்வரை பேக்கப்பையே நிறுத்த வேண்டியதில்லை. புதிய ப்ராக்ஸ்மாக்ஸ் பதிப்புகளில் ஏஜென்ட் அமைப்புக்குள்ளேயே பேக்கப்பின்போது உறையவைக்கும் டிக் தனியாக இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட்டால் ஷட்டவுனும் ஐபியும் ஏஜென்ட் வழியாகத் தொடர்ந்து நடக்கும். டேட்டாபேஸ் இருக்கும் விஎம் என்றால் அந்த நாட்களில் டேட்டாபேஸின் சொந்த டம்ப்பையும் தனியாக எடுத்து வையுங்கள்.

அறிகுறி: விண்டோஸ் விஎம் மெமரி எந்நேரமும் நிரம்பியே தெரிகிறது

உள்ளே டாஸ்க் மேனேஜரில் பாதிதான் பயன்பாட்டில் இருக்கும், ஹோஸ்ட் திரையில் கிட்டத்தட்ட முழுவதும் என்று காட்டும். மெமரி நிலவரத்தை ஹோஸ்டுக்குச் சொல்லும் பலூன் டிரைவரும் அதன் சர்வீஸும் இல்லையென்றால் ஹோஸ்டுக்கு உள்நிலவரம் தெரிய வழியில்லை, கொடுத்ததையெல்லாம் கணக்கில் எழுதிவிடும். விர்ட்டியோ-வின்-கெஸ்ட்-டூல்ஸைப் போட்டுவிட்டு, பலூன் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் எஸ்பி ரோட்டுக்குப் போய் ரேம் வாங்கி வந்த வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. பணம் அவருடையது என்பதால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

அறிகுறி: கடிகாரம் தவறாக ஓடுகிறது

எவ்வளவு தவறு என்று முதலில் கழித்துப் பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் ஏஜென்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருப்பதாக நம்புகிறது, லினக்ஸ் அது யூடிசியில் இருப்பதாக நம்புகிறது. நமக்கு அந்த வித்தியாசம் 5:30. ஆப்ஷன்ஸில் ஆர்டிசிக்கு, அதாவது அந்த வன்பொருள் கடிகாரத்துக்கு, உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தும் அமைப்பை விண்டோஸ் விஎம்முக்கு இயக்கி, லினக்ஸுக்கு அணைத்து வையுங்கள். சில நிமிடங்கள் மட்டும் பிசகினால், அதுவும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய பிறகு என்றால், கெஸ்ட்டில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி அல்லது விண்டோஸ் டைம் ஓடுகிறதா என்று பாருங்கள். விஎம்வேரில் டூல்ஸின் தொடர் நேர ஒத்திசைவும் குரோனியும் ஒன்றாக வேண்டாம், ஒன்றை அணையுங்கள்.

அறிகுறி: விர்ச்சுவல்பாக்ஸில் கர்னல் மாட்யூல் கட்டுவதில் தோல்வி

எலக்ட்ரானிக் சிட்டியில் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் மடிக்கணினியில் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். விஎம்வேர், கேவிஎம்முக்கான டிரைவர்கள் லினக்ஸ் கர்னலோடேயே வந்துவிடுகின்றன. விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் டூல்ஸான கெஸ்ட் அடிஷன்ஸை ஐஎஸ்ஓவிலிருந்து போடும்போதோ மாட்யூல்களை உங்கள் கர்னலுக்கு ஏற்ப அங்கேயே கட்ட வேண்டியிருக்கிறது. கட்டுவதற்கு ஜிசிசி, மேக், ஓடிக்கொண்டிருக்கும் அதே கர்னலின் ஹெடர்கள் வேண்டும்.

"அதே கர்னல்" என்பதுதான் விஷயம். அப்டேட் செய்துவிட்டு ரீபூட் செய்யாமல் ஹெடர் பேக்கேஜைப் போட்டால் புதிய கர்னலின் ஹெடர் வரும், ஓடுவது பழையது. ஆகவே முதலில் அப்டேட், பிறகு ரீபூட், பிறகு "யூநேம் மைனஸ் ஆர்" காட்டும் எண்ணுக்குரிய ஹெடர், கடைசியில்தான் அடிஷன்ஸ். தோற்றால் "வார்" அடைவின் "லாக்" உள்ளே "விபாக்ஸ்ஆட்-செட்டப்" பதிவுக்கோப்பில் காரணம் வெளிப்படையாக எழுதியிருக்கும்.

எல்லாம் கட்டி முடிந்தும் மாட்யூல் ஏறவில்லையென்றால் செக்யூர் பூட்டைப் பாருங்கள். கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. பயிற்சி விஎம் என்றால் அதன் அமைப்பில் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம். இல்லையென்றால் "மோக்யூடில்" கொண்டு சாவியைப் பதிவுசெய்ய வேண்டும். ரீபூட் ஆகும்போது வரும் நீல நிறத் திரையில் பத்து நொடிக்குள் ஒரு விசையை அழுத்தாவிட்டால் பதிவு நடக்காது, மறுபடி முதலிலிருந்து. பகிர்ந்த அடைவு தெரிந்தும் திறக்கவில்லை என்றால் உங்கள் பயனரை "விபாக்ஸ்எஸ்எஃப்" குழுவில் சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்ளே வாருங்கள்.